தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் பழைய ஜெர்மன் தேவாலயம்: சுவரில் ஓதம், செங்கல் உதிர்கிறது

கேள்வி: மிட்லண்ட்ஸ்வாசி
கிரேட்டவுன் பக்கம், 1854இல் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனரிகள் குடியேறிய புல்வெளி வட்டாரத்தில் ஜெர்மன்காரர்கள் கட்டிய லுத்தரன் கோயில் இது. ஒன்றரைக் கல் சுவர், சுமார் 330 மி.மீ.; கூரை நெளிதகரம். பிற்காலத்தில் வெளியே இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு முடியும் இடத்துக்கு மேலே ஒரு முழம் உப்புப் பூத்திருக்கிறது. செங்கலை விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டுகிறது. சுவரில் துளை போட்டு ஓதத்தடுப்பு ரசாயனம் ஏற்றச் சொல்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

காரைச்சட்டி
இப்போது வேண்டாம். சிமெண்ட் வழியாக வெளியேற முடியாத ஈரம் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் காய்கிறது. கூடவே வந்த உப்பு அங்கே படிகமாகி, செங்கலின் முகத்தைப் பெயர்க்கிறது. மருந்து ஏற்றினாலும் சிமெண்ட் இருக்கும்வரை இது நிற்காது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? வெளிமண் உள்தரைக்கு மேலே ஏறியிருக்கிறதா? உள்தரை மட்டத்துக்கு 150 மி.மீ. கீழே வரும்படி மண்ணை வெட்டி எடுங்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

பிறகு சிமெண்டை உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் எடுங்கள். கிரைண்டர் செங்கலையும் சேர்த்து அறுத்துவிடும். பூச்சோடு செங்கல் முகமும் பெயர்ந்து வந்தால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். சுவர் 25 மி.மீ. காய ஒரு மாதம் என்பது கணக்கு. உங்கள் சுவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல். அதுவரை வெளியே வரும் உப்பை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி அள்ளுங்கள். கழுவினால் திரும்ப உள்ளேதான் போகும்.

சுண்ணாம்புக்காரர்
காரைக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு கரகரப்பான ஆற்றுமணல். கடையில் 'பில்டர்ஸ் லைம்' என்று கேளுங்கள். 'மேசன்ரி சிமெண்ட்' மூட்டையும் பக்கத்திலேயே இருக்கும், மாற்றி வாங்கிவிடாதீர்கள். சுண்ணாம்பை ஒரு வாரமாவது தண்ணீரில் ஊறப்போட்டு, வெண்ணெய்ப் பதம் வந்த பிறகே மணலில் சேருங்கள். ஊரில் கடுக்காயும் வெல்லமும் போடுவார்கள். இந்த வேலைக்கு அது தேவையில்லை.

செங்கல்களுக்கு இடையிலுள்ள பழைய காரையை அந்த இடைவெளியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, காரையை அழுத்தித் திணியுங்கள். நாலைந்து நாள் ஈரச்சாக்கு தொங்கட்டும். பெர்க் காற்று (மலைப்பக்கமிருந்து வரும் வறண்ட சூடான காற்று) அடிக்கிற மாதங்களில் தொடவே வேண்டாம். காரை இறுகுவதற்கு முன்பே காய்ந்து பொடியாகிவிடும். உள்ளே பி.வி.ஏ. (பிளாஸ்டிக் வகை) பெயிண்டுக்குப் பதில் சுண்ணாம்புப் பால், மெல்லிசாக நாலைந்து பூச்சு.

மரபுக்கட்டடம்
இதெல்லாம் அனுமதி வாங்கிய பிறகுதான். 60 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை மாற்ற குவாசூலு-நட்டால் மாகாண மரபுரிமை அமைப்பான அமாஃபாவின் அனுமதி வேண்டும். தேவாலயமானாலும் சரி, நம் பழைய கோயில்களானாலும் சரி. சிமெண்டைப் பெயர்ப்பதும் இதில் வரும். ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து, காரைக் கலவை விவரத்தோடு விண்ணப்பியுங்கள்.

மிட்லண்ட்ஸ்வாசி
நன்றி. கூரையில் நாலு தகடு துருப்பிடித்திருக்கிறது. ஐ.பி.ஆர். (பெட்டி மடிப்புள்ள கூரைத்தகடு) போடலாமா?

காரைச்சட்டி
பொருந்தாது. அதன் மடிப்பு சதுரமானது, பழைய நெளியோடு உட்காராது. 76 மி.மீ. நெளிவுள்ள கால்வனைஸ்டு தகடு கேளுங்கள். பழைய ஈயப்பட்டை மேலே இருந்தால் அலுமினியம்-துத்தநாகப் பூச்சுத் தகடு வாங்காதீர்கள், ஈயம் பட்ட இடம் அரித்துப்போகும்.