கார்டு–குரூகர் தரவு: எண்ணிக்கை 820 வருகிறது, திட்டப் பிழை ஒத்துவரவில்லை, உதவுங்கள்

மடிப்புக்கோடு:
கொள்கை மதிப்பீட்டு முறைகளைப் பழக, டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994-ல் எழுதிய கட்டுரையின் தரவை எடுத்து மூன்றாம் அட்டவணையை (கூலி உயர்வுக்கு முன்னும் பின்னும் கடைகளின் சராசரி வேலைவாய்ப்பு) ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுப் பார்க்கிறேன். 1992 ஏப்ரல் 1 அன்று நியூஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் 4.25-லேயே நின்றது. கூலி ஏறுவதற்கு முன் ஒரு அலை (கணக்கெடுப்புச் சுற்று), நவம்பர்–டிசம்பரில் ஒரு அலை என்று 410 துரித உணவுக் கடைகளில் எடுத்த கணக்கு.

கடை எண்ணாக 'ஷீட்' மாறியை வைத்து எக்ஸ்டிசெட் (எது கடை, எது காலம் என்று சொல்லும் கட்டளை) கொடுத்தால், ஒரே கடைக்கு ஒரே காலம் இரண்டு முறை வருகிறது என்று நின்றுவிடுகிறது. அதை விட்டுவிட்டுச் சாதாரண ரெக்ரெஷன் போட்டால் எண்ணிக்கை 820; கெழு (நியூஜெர்சி மாற்றத்திலிருந்து பென்சில்வேனியா மாற்றத்தைக் கழித்த விடை) கட்டுரையின் 2.76-உடன் ஒத்துவரவில்லை. மாநில வாரியாகக் கிளஸ்டர் செய்தால் (ஒரே மாநிலத்தின் வரிசைகளை ஒரு குழுவாக எடுத்தால்) திட்டப் பிழை (கெழு எவ்வளவு ஆடும் என்ற அளவு) கிட்டத்தட்ட பூஜ்யம், டி மதிப்பு (கெழு ÷ திட்டப் பிழை) கோடிக்கணக்கில். எங்கே தப்பு?

மிச்சப்பிழை:
மூன்றும் தனித்தனித் தப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடை எண்: கோப்பில் ஷீட் 407 இரண்டு கடைகளுக்கு இருக்கிறது. கோப்பை நீளவாக்கில் (ஒவ்வொரு கடைக்கும் அலைக்கு ஒரு வரிசை என்று) மாற்றுவதற்கு முன்பே வரிசை எண்ணை வைத்துப் புதிய அடையாள எண் கொடுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்றை "டூப்ளிகேட்" என்று நீக்கிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு கடைகள்.

820: இது 410 பெருக்கல் 2. அதாவது பதில் சொல்லாத கடையும் உள்ளே வந்துவிட்டது. வேலைவாய்ப்பை எப்படிக் கூட்டினீர்கள்? ஈஜென் ரோடோட்டல் பயன்படுத்தியிருந்தால் அதுதான் காரணம். அந்தக் கட்டளை விடுபட்ட மதிப்பைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பகுதிநேர ஆள் எண்ணிக்கை சொல்லாத கடைக்குப் பகுதிநேர ஆளே இல்லை என்று ஆகிவிடும். ஆர் மென்பொருளில் ரோசம்ஸ் போட்டு என்ஏ-வை (விடுபட்ட மதிப்பை) விலக்கச் சொன்னாலும் இதே கதிதான். நேராக எழுதுங்கள்: முழுநேரம் + மேலாளர் + 0.5 × பகுதிநேரம். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் கூட்டுத்தொகை விடுபட வேண்டும். முதல் அலையில் 398 (நியூஜெர்சி 321, பென்சில்வேனியா 77), இரண்டாவதில் 396 (319, 77), ஆக 794 வர வேண்டும்.

இன்னொன்று, மூடிய கடைகள். நிரந்தரமாக மூடியவை 6. அவற்றுக்கு இரண்டாம் அலையில் 0 என்பது உண்மையான மதிப்பு, அது இருக்க வேண்டும். தற்காலிகமாக மூடியவை 4: புதுப்பிப்பு வேலை, சாலைப் பணி, ஒரு மாலில் தீ. அவை விடுபட்டவை. 'ஸ்டேட்டஸ்2' மாறியில் 3 என்றால் நிரந்தரம். 2, 4, 5 தற்காலிகம். சமநிலை மாதிரியில் (இரண்டு அலையிலும் வேலைவாய்ப்பு எண் உள்ள கடைகள் மட்டும்) கட்டுரையின் விடை 2.75; அந்த நான்கையும் 0 என்று வைத்தால் அது எவ்வளவு நகரும் என்று கட்டுரையே காட்டுகிறது: 2.51.

மடிப்புக்கோடு:
ரோடோட்டல்தான்! மாற்றியதும் 794 வந்துவிட்டது, நன்றி. கெழு 2.754. ஆனால் திட்டப் பிழை 1.688, கட்டுரையில் 1.36. கடைவாரியாக வித்தியாசம் எடுத்து (384 கடை) போட்டால் கெழு 2.75, திட்டப் பிழை 1.154. ஒன்று மேலே போகிறது, ஒன்று கீழே போகிறது. கட்டுரையின் 2.76-ம் கிடைக்கவில்லை.

சதுரக்கூட்டு:
2.76-க்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அட்டவணையிலேயே நியூஜெர்சி மாற்றம் 0.59, பென்சில்வேனியா மாற்றம் −2.16, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 2.75-தான்.

திட்டப் பிழையில்தான் விஷயம் இருக்கிறது. 1.688 ஏன் பெரிது? 794 வரிசைகளையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று கணக்குப் போடுகிறீர்கள். பிப்ரவரியில் பெரிய கடை நவம்பரிலும் பெரிய கடைதான். வித்தியாசம் எடுக்கும்போது அந்தப் பொதுப் பகுதி கழிந்துவிடும். சாதாரண ரெக்ரெஷனுக்கு அது தெரியாது.

1.154 ஏன் சிறிது? இரண்டு மாநிலங்களிலும் சிதறல் ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறது. கட்டுரையின் சமநிலை மாதிரி வரியைப் பாருங்கள் (அடைப்பில் திட்டப் பிழை): பென்சில்வேனியா −2.28 (1.25), நியூஜெர்சி 0.47 (0.48). 75 கடை, 309 கடை என்று வைத்துத் திரும்பக் கணக்கிட்டால் கடைவாரி மாற்றத்தின் திட்ட விலக்கம் பென்சில்வேனியாவில் சுமார் 10.8, நியூஜெர்சியில் சுமார் 8.4. கடை குறைவாக உள்ள பக்கத்தில்தான் சிதறல் அதிகம். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால், எண்ணிக்கையில் பெரிய நியூஜெர்சி பென்சில்வேனியாவின் சிதறலை மறைத்துவிடும். தனித்தனியாகவே வைத்தால் 1.25, 0.48 இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 1.34. சமநிலை மாதிரிக்குக் கட்டுரை தருவதும் அதே எண்தான்.

ஆக, வித்தியாச ரெக்ரெஷனில் 'ரோபஸ்ட்' (சிதறல் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளாத திட்டப் பிழை) சேருங்கள். அல்லது 768 (384 × 2) வரிசையில் கடை எண்ணால் கிளஸ்டர் செய்யுங்கள். இரண்டும் 1.34 பக்கத்தில் வந்து நிற்கும்.

மடிப்புக்கோடு:
இரண்டும் வந்துவிட்டது. அப்படியானால் மாநில வாரியாகக் கிளஸ்டர் செய்ததில் என்ன தவறு? கொள்கை மாறும் மட்டத்தில்தான் கிளஸ்டர் செய்ய வேண்டும் என்று எல்லாப் பாடமும் சொல்கிறதே.

மிச்சப்பிழை:
பாடம் சரி. ஆனால் அதற்கு நிறையக் கிளஸ்டர் வேண்டும். உங்களிடம் இரண்டுதான் உண்டு. பூஜ்யம் வருவதற்குக் காரணம் இன்னும் எளிது. உங்கள் மாதிரியில் நான்கு கட்டம் (இரு மாநிலம் × இரு அலை), நான்கு கெழு. ஒவ்வொரு கட்டத்திலும் எச்சங்களின் (உண்மை மதிப்புக்கும் மாதிரி கணிக்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசங்களின்) கூட்டுத்தொகை பூஜ்யமாகத்தான் இருக்கும். கிளஸ்டர் சூத்திரம் அந்தக் கூட்டுத்தொகையைத்தான் வர்க்கிக்கிறது. பூஜ்யத்தை வர்க்கித்தால் பூஜ்யம். திரையில் தெரிவது கணினியின் தசமப் பிழை மட்டும். அதை "மிகத் துல்லியமான முடிவு" என்று படித்துவிடாதீர்கள்.

வைல்டு பூட்ஸ்ட்ராப் (எச்சங்களின் குறியைக் கிளஸ்டர் கிளஸ்டராக மாற்றித் திரும்பத் திரும்பக் கணக்கிடும் முறை) என்று தேடிப் போக வேண்டாம். இரண்டு கிளஸ்டருக்குக் குறி மாற்றும் வழிகள் மொத்தமே நான்கு. அதிலிருந்து உருப்படியான பி மதிப்பு எதுவும் கிடைக்காது. கோப்பில் உள்ள ஐந்து மண்டலங்களை வைத்துக் கிளஸ்டர் செய்வதும் ஐந்தே ஐந்துதான், அதுவும் போதாது.

1.34 சொல்வது இவ்வளவுதான்: இந்த இரு மாநிலங்களின் கடைகளில் வேறு கடைகள் மாதிரியில் விழுந்திருந்தால் விடை எவ்வளவு ஆடும். அந்த ஆண்டில் பென்சில்வேனியாவுக்கு மட்டும் ஏதோ அடி விழுந்திருந்தால் அது இந்த எண்ணில் இல்லை. 2.75-ல் பெரும்பங்கு பென்சில்வேனியா இறங்கியதால் வந்தது, நியூஜெர்சி ஏறியதால் அல்ல. நான்கு சராசரிகளையும் (பென்சில்வேனியா 23.33, 21.17; நியூஜெர்சி 20.44, 21.03) தாளில் வரைந்து பாருங்கள், கண்ணுக்கே தெரியும். இரண்டே அலைகள் என்பதால் இணைப்போக்கை (கூலி ஏறாவிட்டால் இரு மாநிலமும் ஒரே போக்கில் போயிருக்கும் என்ற அனுமானத்தை) சோதிக்கவும் வழியில்லை.

சதுரக்கூட்டு:
அதனால்தான் கட்டுரையில் இரண்டாவது ஒப்பீடு இருக்கிறது, அதையும் போடுங்கள். நியூஜெர்சிக்குள்ளேயே தொடக்கக் கூலி எவ்வளவு ஏற வேண்டியிருந்தது என்ற 'கேப்' மாறி: (5.05 − முதல் அலைக் கூலி) ÷ முதல் அலைக் கூலி. பென்சில்வேனியாவுக்கும், ஏற்கெனவே 5.05 கொடுத்த கடைக்கும் 0. இந்த மாதிரியில் 357 கடை, கெழு 15.65 (6.08). நியூஜெர்சி சராசரி கேப் 0.11, பெருக்கினால் 1.72 ஆள். உணவுச் சங்கிலி, உரிமை மாறிகளோடு மண்டல மாறிகளையும் சேர்த்தால் 11.91 (7.39) ஆகிறது. ஒரு மாநிலத்தின் மண்டலங்களுக்குள் ஒப்பிட்டால் உறுதி குறைகிறது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், பலர் 15.65-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இங்கே ஒரு ஸ்டேட்டா பொறி உண்டு. "கூலி 5.05 அல்லது அதற்கு மேல் என்றால் கேப் 0" என்று எழுதினால், கூலி சொல்லாத கடைக்கும் 0 விழும். ஸ்டேட்டாவுக்கு விடுபட்ட மதிப்பு எல்லா எண்ணையும் விடப் பெரியது. "கூலி விடுபடாமல் இருந்தால்" என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்.

மடிப்புக்கோடு:
இரண்டாம் அலைக் கூலி இல்லாத கடைகளை எல்லாம் நீக்கிவிடலாமா?

மிச்சப்பிழை:
நிரந்தரமாக மூடிய ஆறையும் சேர்த்து நீக்கிவிடுவீர்கள். மூடிய கடை கூலி கொடுக்காது, அதனால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். கூலி உயர்வால் யாராவது கடையை மூடியிருந்தால் நாம் தேடும் விளைவே அதில்தான் இருக்கிறது. முதலில் ஸ்டேட்டஸ்2-ஐயும் கூலி விடுபட்டதா என்பதையும் குறுக்கு அட்டவணை போட்டுப் பாருங்கள், அப்புறம் நீக்குங்கள்.