கலைச்சொல்: குண்டை எடுத்து முடிக்கும்வரை ஊர் விலகியிருப்பதற்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர், கண்டி

அனைவருக்கும் வணக்கம்.

மண்ணுக்குள் பழைய போர்க்குண்டு ஒன்று அகப்பட்டால், அதைச் செயலிழக்கச் செய்யும்வரை சுற்றியுள்ள மக்கள் வீட்டை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். இந்த நடைமுறைக்குக் கையேட்டின் கலைச்சொல் பட்டியலில் (வரைவு உங்களிடம் உண்டு) ஒரு சொல் வேண்டும். ஜேர்மனியில் இது வழமையான வேலை. இரண்டாம் உலகப் போரில் விழுந்து வெடிக்காத குண்டுகள் அத்திவாரம் தோண்டும்போது இன்னமும் கிடைக்கின்றன. 2011 டிசெம்பரில் ரைன் ஆறு வற்றியபோது கொப்லென்ஸ் நகரில் வெளிப்பட்ட 1.8 தொன் பிரித்தானியக் குண்டுக்காக 45,000 பேர் வீட்டை விட்டுச் சென்றார்கள். 2017 செப்டெம்பர் 3 இல் பிராங்க்ஃபேர்ட்டில் அதே வகைக் குண்டுக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் ஆரை குறித்தார்கள். ஏறத்தாழ 60,000 பேர் சென்றார்கள். 2025 ஜூன் 4 இல் கொலோனில் மூன்று குண்டுகள், ஒரு கிலோமீற்றர் ஆரை, 20,500 பேர். மூன்று இடத்திலும் அன்றைக்கே வீடு திரும்பினார்கள்.

நம் பக்கம் கதை வேறு. ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பையும் 9 இல் திருகோணமலையையும் தாக்கின. மலைநாட்டுக்கு அப்போது வந்தது குண்டு அல்ல, கொழும்பை விட்டு ஓடிவந்த சனம்தான். ஆனால் இந்தக் கையேட்டில் நாம் தீர்மானிக்கும் சொல்லே மண்சரிவு அறிவித்தலுக்கும் போகப் போகிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150 ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் மக்கள் கிளம்ப வேண்டும். அந்தக் கிளம்பலுக்கும் இந்தச் சொல்தான்.

சொல் சுமக்க வேண்டிய வேலை இது. முதலில் குண்டின் எடையும் அதன் வெடிதூண்டியின் வகையும் அறியப்படுகின்றன. அவற்றை வைத்து ஆரை தீர்மானிக்கப்படுகிறது. வைத்தியசாலை, முதியோர் இல்லம் முதலில். பிறகு வீடு வீடாகக் கதவு தட்டல், அதன்பின் இரண்டாம் சுற்று. பிராங்க்ஃபேர்ட்டில் வெப்பக் கமெராவோடு ஹெலிகொப்டரும் பறந்தது. கடைசி ஆள் போகும்வரை குண்டில் கைவைப்பதில்லை; ஒரே வீட்டில் ஒருவர் மறுத்தாலும் ஆயிரக்கணக்கானோர் மண்டபத்தில் மேலும் சில மணித்தியாலம் உட்கார்ந்திருக்க நேரும்.

என் முன்மொழிவு: ‘தற்காலிக வெளியேற்றம்’. கருத்துச் சொல்லுங்கள்.

ஆசிரியை, ஹட்டன்

சேர், ‘வெளியேற்றம்’ வேண்டாம். அகராதியில் பிழையில்லைதான், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிழை. லயக்காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் காம்பராவும் போகும். ‘வெளியேறு’ என்று ஒரு தாள் வந்தால், அதற்கு இங்கே ஒரே அர்த்தம்தான். 1964 ஒக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அந்த நினைவுள்ள குடும்பத்துக் கிழவியிடம் ஒலிபெருக்கியில் “வெளியேறுங்கள்” என்றால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். நீங்கள் சொன்ன ‘மறுக்கும் ஒருவர்’ அந்த நேரத்தில் உருவாகிவிடுகிறார்.

‘தற்காலிக’ என்ற அடைமொழி இதைக் காப்பாற்றாது. பேச்சில் அது முதலில் உதிரும். உதிராவிட்டாலும் அதற்கு நம்மிடம் மதிப்பில்லை. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்ட மண்சரிவில் தப்பியவர்கள் இருந்ததும் ‘தற்காலிக’ இடத்தில்தான். வீடு கைக்கு வர 2016 ஆயிற்று. அதே மீரியபெத்தையில் ஆபத்து முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். போனால் எங்கே, திரும்ப முடியுமா என்று யாரும் சொல்லாதபோது எந்த எச்சரிக்கையும் ஆளை நகர்த்தாது.

‘இடப்பெயர்வு’ம் சரிவராது. 1977, 1983 வன்செயல்களில் இங்கிருந்து வன்னிக்குப் போனவர்களுக்கு அது திரும்பாத பயணத்தின் பெயர். ‘அப்புறப்படுத்தல்’ குப்பைக்கு. ‘காலி செய்தல்’ வீட்டுக்காரன் சொல்வது.

நான் சொல்வது: ‘ஒதுங்கல்’. மழைக்கு ஒதுங்குகிறோம், மழை விட்டதும் போகிறோம். திரும்புவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. படிக்காதவரை “மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர்” என்பார்கள். நாம் மக்களை இருக்கச் சொல்லும் இடமும் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான்.

கண்ணிவெடி அகற்றல் மேற்பார்வையாளர், பதுளை

டீச்சர் சொன்னதோடு இன்னும் இரண்டு சொற்களை இப்போதே விலக்க வேண்டும்.

ஒன்று ‘சுற்றிவளைப்பு’. குண்டைச் சுற்றி ஆள் நுழையாமல் காவல் போடுவதைப் பட்டியலில் அப்படி எழுதியிருக்கிறீர்கள். போர்க்காலம் முழுக்க அது வீட்டைச் சூழ்ந்து ஆளைப் பிடித்துப் போவதன் பெயர். வடக்கில் மட்டுமல்ல, மலையக இளைஞர்களுக்கும் தெரிந்த சொல். இன்னொன்று ‘பாதுகாப்பு வலயம்’. அது 2009 இல் வன்னியில் பட்ட பாட்டைத் தெரிந்தவர்கள் அந்தப் பெயருள்ள இடத்துக்குள் காலடி வைக்க மாட்டார்கள். ‘உயர் பாதுகாப்பு வலயம்’ என்றாலோ வருடக்கணக்கில் திரும்பவிடாத காணி. ஆரைக்குள் இருப்பதை ‘விலகெல்லை’ என்று வையுங்கள். விலகவேண்டிய எல்லை, அவ்வளவுதான். அதில் வட்டம் என்ற பொருள் இல்லாததும் நல்லது: குண்டுக்கு ஆரை உண்டு, மண்சரிவுக்கு இல்லை. சரிவில் மண் போகும் வழிதான் எல்லை. மேட்டு லயம் பத்திரமாக நிற்கும், பணிய லயம் போய்விடும்.

மலையில் ஆரையை வரைவதிலும் ஒரு சிக்கல். வரைபடத்தில் 400 மீற்றர் என்பது மேலிருந்து பார்க்கும் தூரம். தேயிலைச் சரிவில் அதே 400 மீற்றரைப் பாதையில் நடந்தால் வளைந்து வளைந்து இரண்டு கிலோமீற்றர் வரலாம். ஆகவே எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைக் கோலால் அளக்கக்கூடாது, வயதான ஒருவரை நடக்கவிட்டுக் கணக்கிட வேண்டும். இடையில் ஒரு மலைமுகடு இருக்கிறதே, ஆரையைக் குறைக்கலாமே என்று கேட்பார்கள். முகடு நேராக வரும் சிதறலைத் தடுக்கும். மேலே கிளம்பி வளைந்து விழும் துண்டுகளைத் தடுக்காது. குறைக்கக்கூடாது.

இப்போது மிக முக்கியமானது. பட்டியலில் ‘செயலிழக்கச் செய்தல்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு வேலைகளுக்கு நிற்கிறது. ஒன்றில் வெடிதூண்டியைக் கழற்றிக் குண்டை எடுத்துச் செல்கிறார்கள். மற்றதில் கழற்ற முடியாத குண்டை அதே இடத்தில் வெடிக்க வைக்கிறார்கள். மக்களுக்கு இந்த வித்தியாசம் உயிர் போன்றது. “செயலிழக்கச் செய்கிறோம்” என்று கேட்டுவிட்டுப் போனவர் காதில் பெரிய வெடிச்சத்தம் விழுந்தால், வேலை பிழைத்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளையைத் தேடி எல்லைக்குள் ஓடுவார்.

கழற்ற முடியாமல் போவது ஏனென்றால் சில குண்டுகளில் தாமத வெடிதூண்டி இருக்கிறது. அதில் ஒரு கண்ணாடிக் குப்பியில் அசற்றோன். குண்டு விழும்போது குப்பி உடைந்து, அசற்றோன் ஒரு செலுலொயிட் தகட்டைக் கரைக்கும். தகடு கரைந்ததும் ஊசி பாயும். மணித்தியாலங்களோ நாட்களோ கழித்து வெடிப்பதற்காகச் செய்தது. ஆனால் மென்மையான மண்ணில் பாய்ந்த குண்டு வளைந்து மூக்கு மேலே வருமாறு நின்றுவிடும். வெடிதூண்டி வாலில் இருப்பதால், திரவம் தகட்டை விட்டு வடிந்துவிடும். தகடு அரைகுறையாக நின்று, எண்பது வருடமாக மெல்ல மெல்ல இளகுகிறது. கழற்றினால் வெடிக்கும் பொறியும் பலவற்றில் உண்டு. 2010 ஜூன் 1 இல் ஜேர்மனியின் கொட்டிங்கனில் அப்படியொரு குண்டு, செயலிழக்கச் செய்யத் தொடங்கும் முன்னரே வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். ஆகவே “வேலை தொடங்குவது பத்து மணிக்கு, பத்துக்குப் போனால் போதும்” என்ற எண்ணம் வரவே கூடாது.

அங்கேயே வெடிக்க வைத்தால் சேதமும் வரும். 2012 ஓகஸ்ட் 28 இல் மியூனிக்கில் 250 கிலோ குண்டை அடக்க வைக்கோல் குவித்தார்கள். எரியும் வைக்கோல் பறந்து கூரைகளில் தீப்பிடித்தது. இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் 2021 பெப்ரவரி 27 இல் 1,000 கிலோ ஜேர்மன் குண்டை மணல் கொட்டி வெடிக்க வைத்தார்கள். 2,600 வீட்டார் விலகியிருந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சில வீடுகள் சேதமாகி, அந்த வீட்டார் அன்று திரும்ப முடியவில்லை. டீச்சரின் ‘ஒதுங்கல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் “மாலையே திரும்பலாம்” என்ற வாக்கை அறிவித்தலில் கொடுக்காதீர்கள்.

தமிழாசிரியர், நுவரெலியா

இலக்கணப் பக்கம் ஒன்று. நாம் தள்ளிய சொற்களெல்லாம் எந்த வடிவில் கெடுகின்றன என்று பாருங்கள். வெளியேறு, வெளியேற்று, விலகு, விலக்கு, ஒதுங்கு, ஒதுக்கு. தன்வினை பிறவினையாகும் இடத்தில் மனிதர் பொருளாகிவிடுகிறார். ‘ஒதுங்கல்’ நல்ல சொல். ‘ஒதுக்கல்’ சாதி வழக்கு நாற்றம் அடிக்கும் சொல். எந்த உத்தியோகத்தராவது “மக்கள் ஒதுக்கப்பட்டனர்” என்று அறிக்கை எழுதினால் நாம் செய்த வேலை வீண். ஆகவே பதிவில் வெளிப்படையாக எழுதவேண்டும்: தன்வினை மட்டுமே வழங்குக, அதிகாரியின் செயலுக்கு ‘ஒதுங்கச் செய்தல்’, நடக்க முடியாதவருக்கு ‘ஏந்திச் செல்லல்’.

தனியாக ‘ஒதுங்கல்’ என்றால் இன்னொரு வழக்கும் நினைவுக்கு வரும், மலசலம் கழிக்கப் போவதற்கு நாகரிகமாகச் சொல்வது. தலைப்புச் சொல்லாக ‘காப்பொதுங்கல்’ என்று வைத்தால் அந்த மயக்கம் நீங்கும்.

ஆசிரியை, ஹட்டன்

தலைப்புச் சொல்லுக்குச் சரி சேர். அறிவித்தலில் ‘காப்பு’ வரக்கூடாது. தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால், கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டித் தங்குவதில்லை. காப்பையும் போவதையும் ஒரே சொல்லில் கேட்டால் குழப்பம். இதை வெறும் சொல் பிரச்சினையாகவும் விட வேண்டாம். நாள் குறிக்கும் முன் கோயில் தலைவரிடம் கேட்க வேண்டும். காப்புக் கட்டியிருந்தால், ஒதுங்கும் இடம் ஊர் எல்லைக்குள்ளேயே கிடைக்குமா என்று முதலில் பார்க்கலாம்.

கதவு தட்டுவது பற்றியும் ஒன்று. நகரத்து முறையை அப்படியே எடுக்க முடியாது. காலை பத்து மணிக்கு லயத்தில் கதவு தட்டினால் கிழவர்களும் நோயாளிகளும்தான் இருப்பார்கள். கொழுந்து எடுப்பவர்கள் மலையில், கைப்பிள்ளைகள் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்), மற்றப் பிள்ளைகள் பள்ளியில். நான்கு இடம். ஆகவே காலைப் பெரட்டிலேயே, வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரையும் கூட்டும்போதே, சொல்லிவிட வேண்டும். மலையில் எத்தனை பேர் என்பதைக் கங்காணி செக்ரோலை (வேலைக்கு வந்தோர் பதிவேடு) பார்த்து எண்ண வேண்டும். மடுவத்துப் பிள்ளைகளைத் தாய்மார் வரும்வரை வைத்திருக்காமல் நேரே ஒதுங்குமிடத்துக்குக் கொண்டுபோய், அந்தச் செய்தியை மலையில் இருக்கும் தாய்மாருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாத் தாய்மாரும் மடுவத்துக்கு, அதாவது விலகெல்லைக்குள்ளே, ஓடிவருவார்கள்.

மொழிபெயர்ப்பாளர், கண்டி

‘தற்காலிக வெளியேற்றம்’ முன்மொழிவை மீளப் பெறுகிறேன். பதிவு இப்படிப் போகும்.

காப்பொதுங்கல்: ஆபத்து நீங்கும்வரை மக்கள் வீட்டை விட்டு விலகியிருந்து திரும்பல். தன்வினை மட்டும். ‘வெளியேற்றம்’ என்பது குடியிருப்பு உரிமையைப் பறிப்பதற்கு மட்டுமே. ஒதுங்குமிடம்: அவர்கள் இருக்கும் பள்ளி, மண்டபம். விலகெல்லை: ஆள் இருக்கக்கூடாத நிலப்பரப்பு. எல்லைக் காவல்: ‘சுற்றிவளைப்பு’க்குப் பதில். வெடிதூண்டி: ‘உருகி’ மின்சாரத்துக்கு, ‘திரி’ பட்டாசுக்கு, இரண்டும் இங்கே வேண்டாம். வெடிதூண்டி கழற்றல், இருந்த இடத்தில் வெடிக்கவைத்தல்: இரண்டும் தனித்தனிப் பதிவு.

வெடிக்க வைக்கும் நாளுக்கான மாதிரி அறிவித்தல்:

“1 முதல் 6 வரை நம்பர் லயங்களில் இருப்பவர்கள் காலை 8 மணிக்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒதுங்கி இருங்கள். அடுப்பை அணையுங்கள், கேஸை மூடுங்கள். அடையாள அட்டை, மருந்து, பிள்ளைக்குப் பால்மா, ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பூட்டுங்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும். நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால் இன்றே கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பகலில் ஒரு பெரிய சத்தம் கேட்கும். குண்டை நாங்களே வெடிக்க வைக்கும் சத்தம் அது. ‘திரும்பலாம்’ என்று அறிவித்ததும் வீட்டுக்குப் போங்கள்.”

சாவியைப் பற்றிய வரி டீச்சரின் முதல் மடலை வைத்து எழுதியது. வெளியேற்றப்படுபவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒதுங்குபவர் கையில் வைத்திருக்கிறார்.

கண்ணிவெடி அகற்றல் மேற்பார்வையாளர், பதுளை

அறிவித்தலில் ஒரு வரி குறைகிறது. சத்தம் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று எழுந்து நடந்துவிடுவார்கள். அதன்பிறகுதான் வெடிமருந்து எரியாமல் சிதறிக் கிடக்கிறதா, எரிவாயுக் கசிவு உண்டா, கூரையோ மண்ணோ இளகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரிவான நிலத்தில் இந்தப் பார்வைக்குக் கூடுதல் நேரம் எடுக்கும். “சத்தம் கேட்டாலும் இருந்த இடத்திலேயே இருங்கள்” என்பதைச் சத்தம் பற்றிய வரியை ஒட்டியே சேருங்கள். ‘திரும்பலாம்’ என்பதைக் காலையில் ‘ஒதுங்குங்கள்’ என்று சொன்ன அதே ஆளே, அதே ஒலிபெருக்கியில் சொல்லட்டும். வேறு யார் சொன்னாலும் நம்பிக் கிளம்ப வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள்.