பையனுக்குப் பழைய கார்னிஷ் பெயர்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மெரியாசெக்கின் அம்மா

"இது இந்தியப் பெயரா?" என்று பதிவாளர் என்னைப் பார்த்துக் கேட்டார். நாங்கள் உட்கார்ந்திருந்தது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில். கார்னிஷ் அந்த மண்ணின் பழைய மொழி.

பிறந்த 42 நாட்களுக்குள் பதிய வேண்டும்; நாங்கள் போனது 39ஆம் நாள். அதுவரை வீட்டில் ஓயாத வழக்கு. மாமியாருக்கு ஜாகோ என்ற பெயர் போதும். கணவர் கேம்போர்ன்காரர், தன் ஊரின் காவல் புனிதர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நின்றார். மெரியாசெக்கின் வரலாற்றைச் சொல்லும் கார்னிஷ் நாடகம் ஒன்று உண்டு, 1504இல் எழுதிய கையெழுத்துப் படி இன்றும் இருக்கிறது என்று அவர் எனக்குச் சொன்னது திருமணத்துக்கு முன்பே. எனக்கும் அந்தப் பெயரின் ஓசை பிடித்துவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பிறகு கணவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். கடைசி எழுத்தில் அவர் குரல் உடைந்தது. அவருடைய பாட்டன் பூட்டன் மண்ணில் அவர் பெயர் அந்நியமாகிவிட்டது. என் முகத்தை வைத்து அதை என் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். "இது இந்த ஊர்ப் பெயர்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். மகனுக்கு நான்கு வயதாகிறது, இன்னும் உறுத்துகிறது.

பிரசவ வார்டு செவிலி

மார்ச் 5, அதிகாலை மூன்று மணி. கார்ன்வாலின் காவல் புனிதர் பிரானின் நாள். அப்பா கார்ன்வால், அம்மா லண்டன் பக்கம். அவருக்குப் பிரான் என்றே பெயர் வைக்க ஆசை. அம்மாவுக்கோ பள்ளியில் பிள்ளைகள் பிரானா மீன் என்று கூப்பிடுவார்களே என்ற கவலை.

அவளைச் சம்மதிக்க வைக்க அவர் கதை சொல்லத் தொடங்கினார். அயர்லாந்தில் பிரானின் கழுத்தில் ஆலைக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளினார்கள்; கல் மிதந்து கார்ன்வாலின் பெரன்போர்த் கரையில் அவரைச் சேர்த்தது என்றார். என் கையிலிருந்த குறிப்பேடு அப்படியே நின்றுவிட்டது. எங்கள் அப்பரையும் கல்லோடு கட்டித்தானே கடலில் போட்டார்கள்! அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதைச் சொன்னேன். "அவர் என்ன செய்தார்?" என்று அந்த அம்மா கேட்டாள். பாடினார் என்றேன். பாடச் சொன்னாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நமச்சிவாயப் பதிகத்தின் முதல் பாட்டை மெல்லப் பாடினேன். குழந்தை கண்ணைத் திறந்து பார்த்தது.

நான் அடுத்த முறை பணிக்கு வருவதற்குள் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்ன பெயர் வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. கறுப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட பிரான் கொடியை எங்கே பார்த்தாலும் நினைவு வருகிறது.

கோலார் பேரன்

புனிதர் கதைகளை மதிக்கிறேன், சகோதரிகளே. ஆனால் பெயர் குடும்பத்திலிருந்து வர வேண்டும். 1504ஆம் ஆண்டு ஏட்டிலிருந்து எடுத்தால் அந்தப் பிள்ளைக்கு யார் சாட்சி?

என் தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து போய்க் கோலார் தங்கவயலில் சுரங்கம் இறங்கியவர். மேலே அதிகாரம் செய்தவர்களில் கார்ன்வால்காரர்கள் நிறைய. ட்ரெ, போல், பென் என்று தொடங்கும் குடும்பப் பெயர்களைத் தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

2001இல் சுரங்கம் மூடிய பிறகு ஒரு தம்பதி முன்னோரின் கல்லறையைத் தேடி வந்தார்கள். முள்ளை வெட்டி வழிகாட்டியது நான். குடும்பப் பெயர் தேய்ந்துபோயிருந்தது. அந்தப் பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. மண்டியிட்டு, கல்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன: பாஸ்கோ. ஈஸ்டரைக் குறிக்கும் பெயராம். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் பேசவில்லை.

அந்தச் சுரங்கத்துக்குள் இறந்த எங்கள் ஆட்கள் பலருக்குத் தேய்த்துப் படிக்கக்கூடக் கல் கிடையாது. அன்று என் மனதில் ஓடியது அதுதான்.

சனிக்கிழமை வகுப்பு மாணவி

கோலார் அண்ணா சொல்வதை ஏற்க முடியவில்லை. மொழியே கைமாறாமல் அறுந்துபோன இடத்தில் குடும்பப் பெயர் எப்படித் தொடரும்? கார்னிஷைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் என்று பலர் சொல்லும் மவுசல் கிராமத்து டாலி பென்ட்ரீத் 1777இல் இறந்தார். மொழியை மீட்க முனைந்த ஹென்றி ஜென்னர் கார்னிஷ் கற்பிக்கும் கையேட்டை வெளியிட்டது 1904இல். இடையில் எத்தனை தலைமுறை! கார்ன்வாலின் பழைய கையெழுத்துப் பிரதியான பாட்மின் நற்செய்தி ஏட்டின் ஓரங்களில் கார்னிஷ் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. புனித பெட்ரோக்கின் பலிபீடத்தில் விடுதலை செய்யப்பட்ட அடிமைகளின் பெயர்கள் அவை. அவர்களுக்கு வாரிசு என்று யார் வந்து நிற்பது? ஏட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். மெரியாசெக்கின் அம்மா செய்தது சரி.

என் அனுபவம் சிறியது. இணையவழி கார்னிஷ் வகுப்பில் ஒருவர், மகனுக்குப் பழங்கதைகளில் வரும் கார்ன்வால் மன்னன் மார்க்கின் பெயரைக் கார்னிஷ் வடிவத்தில் வைக்கப்போவதாகப் பெருமையோடு சொன்னார். அதே சொல்லுக்குக் குதிரை என்றும் பொருள் உண்டு என்று ஆசிரியர் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் கேமராவை அணைத்துவிட்டார். நானும் சிரித்தேன்.

அதனால் பெயர் தேடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பொருளை மொழி தெரிந்தவரிடம் கேளுங்கள். பெயர்ப் பட்டியல்களை மட்டும் நம்பாதீர்கள். எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவு செய்யுங்கள்: பிரான், பெரன், பெரான் மூன்றும் ஒருவரே. 2008இல் பொது எழுத்து வடிவம் வந்தாலும் பழைய முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. கார்னிஷில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அசையில் விழும்; அப்படிச் சொல்லிப் பாருங்கள். பாட்டிகள் பயந்தால் ஜோரி, ஜோவன், கிட்டோ, கிளெமோ என்று தொடங்குங்கள். முறையே ஜார்ஜ், ஜான், கிறிஸ்டோபர், கிளெமென்ட். டென்சல் என்றால் அமெரிக்க நடிகர் டென்சல் வாஷிங்டன் நினைவுக்கு வருகிறாரா? அது கார்ன்வாலின் செயின்ட் மாகன் பகுதியில் உள்ள இடத்தின் பெயர். குடும்பப் பெயராகி, பிறகு ஆளின் பெயரானது. 17ஆம் நூற்றாண்டிலேயே டென்சில் ஹோல்ஸ் நாடாளுமன்றத்தில் இருந்தார். கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பதிவாளர் மீதும் எனக்குக் கோபமில்லை. கார்னிஷ் மக்களைத் தேசியச் சிறுபான்மையினராக பிரிட்டிஷ் அரசு ஏற்றதே 2014இல்தான்.

மெரியாசெக்கின் அம்மா

தங்கையே, எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

கோலார் அண்ணா, அந்தக் கல்லறை எந்தப் பக்கம் இருக்கிறது? இதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கோலாருக்குப் போய்த் திரும்பாதவர். பெயர் பாஸ்கோ இல்லை. ஆனாலும் பக்கத்துக் கற்களில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கச் சொல்கிறார். வரும்போது தாளும் பென்சிலும் கொண்டுவருகிறோம். உங்கள் தாத்தா பெயரையும் சொல்லுங்கள்.