குளோரினேட்டர் ‘உப்பு குறைவு’ என்று காட்டினால்: எங்கள் அனுபவங்கள்

உப்பு கலந்த நீச்சல் குளத்துத் தண்ணீரிலிருந்து மின்சாரத்தால் குளோரின் தயாரிக்கும் கருவிதான் குளோரினேட்டர். அதன் திரையில் ‘உப்பு குறைவு’ என்று விளக்கு எரிந்ததும் முதலில் கை போவது உப்பு மூட்டைக்குத்தான். தயவுசெய்து அங்கே போகாதீர்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.

எங்கள் குளத்தில் உப்பு 3200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 3200 பங்கு) என்று காட்டிக்கொண்டிருந்த கருவி, மழைக்காலம் முடிந்த கையோடு 2400க்கு இறங்கியது. மழையில் குளம் நிரம்பி வழிந்திருந்ததால் உப்பும் அதோடு போயிருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் சொட்டு மருந்து கிட் வைத்துத் தனியாகச் சோதித்தபோது 3000 வந்தது. அந்தச் சோதனை எளிது. குளத்து நீரில் குரோமேட் கலந்தால் மஞ்சளாகும். அதில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நீரிலுள்ள குளோரைடு தீரும்வரை மஞ்சள் நிலைக்கும், தீர்ந்ததும் செங்கல் நிறத்துக்கு மாறி அப்படியே நிற்கும். எங்கள் கிட்டில் ஒரு சொட்டுக்கு 200 பிபிஎம் கணக்கு, 15 சொட்டில் நிறம் மாறியது. மாதிரி நீரை மேற்பரப்பில் அள்ளாமல் முழங்கை ஆழத்தில், தண்ணீர் திரும்பி வரும் குழாயை விட்டுத் தள்ளி எடுக்க வேண்டும்.

அப்படியானால் கருவி பொய் சொல்கிறதா? இல்லை, அது உப்பை நேரடியாக அளப்பதே இல்லை. குளோரின் உருவாகும் பகுதியான ‘செல்’லுக்குள் இருக்கும் தகடுகளுக்கு இடையே மின்சாரம் பாய்கிறது. எவ்வளவு பாய்கிறது, தண்ணீர் எத்தனை டிகிரி என்று பார்த்து உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆகவே மின்சாரத்தைக் குறைக்கும் எதுவாக இருந்தாலும் திரையில் அது உப்புக் குறைவாகத்தான் தெரியும்.

செல்லைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவே தெளிவாகத் தெரிய வேண்டிய இடைவெளிகளில் பாதி, வெள்ளைச் சுண்ணாம்புப் படிவால் அடைபட்டிருந்தன. ஓரங்களில் செதில் செதிலாகத் துருத்திக்கொண்டிருந்தது. குளோரின் உருவாகும்போது ஒரு பக்கத் தகட்டை ஒட்டிய தண்ணீரில் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) ஏறுகிறது, சுண்ணாம்பு அங்கே படிகிறது. கூடவே வரும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவைக் கிளப்பி வெளியேற்றுவதால் குளத்தின் மொத்த பிஎச்சும் மெல்ல ஏறும். அதனால்தான் உப்புநீர்க் குளத்தில் பிஎச்சைக் கவனித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றி ஒன்றுக்கு இரண்டு முறை சொல்கிறேன், காரணம் இதற்குப் பயன்படுவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். மின்சாரத்தை அணைத்து, வால்வுகளை மூடி, கையுறையும் கண்ணாடியும் போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நான்கு பங்கு தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் ஒரு பங்கு ஆசிட்டை விட வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. குளோரின் பொருள் எதுவும் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது, கலந்தால் விஷவாயு. இந்தக் கலவையைச் செல்லுக்குள் ஊற்றியதும் நுரை பொங்கும். சில நிமிடங்களில் நுரை அடங்கியதும் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். கூடுதல் நேரம் ஊறவிட்டால் தகட்டின் பூச்சு அரித்துப் போகும். கம்பியாலோ கத்தியாலோ சுரண்டினாலும் அதே கதிதான்.

திரும்ப மாட்டி ஓடவிட்டபோது திரை 3000 காட்டியது. உப்பு மூட்டை பிரிக்கப்படவே இல்லை.

* * *

எனக்கு நடந்தது வேறு. குளிர்காலம் தொடங்கியதும் விளக்கு எரிந்தது. செல் சுத்தமாக இருந்தது, தண்ணீரைச் சோதித்தால் உப்பும் சரி. காரணம் குளிர்.

உப்புநீரின் மின்கடத்தும் திறன் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஏறத்தாழ 2 சதவீதம் குறையும். 28 டிகிரியில் இருந்த தண்ணீர் 16 டிகிரிக்கு வந்தால் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். நல்ல கருவிகள் வெப்பநிலையைச் சேர்த்துத்தான் கணக்கிடும். எங்கள் கருவியில் அதற்கான சென்சாரே பழுதாகியிருந்தது. கையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்று, திரையில் அதைவிடப் பல டிகிரி அதிகம். தண்ணீர் சூடாக இருப்பதாகக் கருவி நம்புகிறது, அந்தச் சூட்டுக்கு இந்த மின்சாரம் போதாது, எனவே உப்பு குறைவு என்று முடிவு கட்டுகிறது. சென்சாரை மாற்றியதும் சரியாகிவிட்டது. திரையில் வெப்பநிலை காட்டும் வசதி இருந்தால் முதலில் அதை ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இன்னொன்று: மிகவும் குளிர்ந்த தண்ணீரில் பல கருவிகள் தாமாகவே குளோரின் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். அது பழுது இல்லை. அந்த நாட்களில் திரவ குளோரின் ஊற்றிச் சமாளித்துக்கொள்ளலாம்.

* * *

குளங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் நான். மேலே இருவரும் சொன்னது எதுவும் இல்லை என்றால், அடுத்து நான் பார்ப்பது பிளக். செல்லிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும், சில இடங்களில் பிளாஸ்டிக் கருகியே இருக்கும். தொடர்பு சரியில்லாத இடத்தில் சூடேறும், மின்சாரமும் குறையும். இப்படி ஒரு பிளக்குக்காக நல்ல செல்லைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மனசு கேட்பதில்லை.

அதற்கடுத்து செல்லின் வயது. தகடுகள் டைட்டானியம், அவற்றின் மேல் ருத்தீனியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடு மெல்லிய பூச்சாக இருக்கும். குளோரினை உண்டாக்குவது அந்தப் பூச்சுதான், அது தேய்ந்துகொண்டே வரும். பல செல்களுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் என்று ஆயுள் சொல்வார்கள். எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. செல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள மின்திசையை அவ்வப்போது மாற்றும். ஒரு திசையில் 3000, இன்னொரு திசையில் 2300 என்று பெரிய வித்தியாசம் தெரிந்தால், எனக்கு அது செல் முடியப்போவதன் அடையாளம். அந்த நிலையில் உப்பைக் கூட்டிக் கூட்டி ஓட்டுவது வேண்டாம். கொஞ்ச நாள் ஓடும், பிறகு புதுச் செல் மாட்டியதும் ‘உப்பு அதிகம்’ என்று நின்றுவிடும். அதிக உப்பைக் குறைக்க மருந்தே கிடையாது. தண்ணீரை இறக்கிப் புதுத் தண்ணீர் விடுவது மட்டும்தான் வழி.

* * *

உண்மையிலேயே உப்பு குறைந்த அனுபவம் எங்களுடையது. சோதனையிலும் 2400, திரையிலும் 2400.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. குளோரின் தயாரிப்பதில் உப்பு செலவாகிவிடுவதில்லை. குளோரின் தன் வேலையை முடித்ததும் மறுபடி குளோரைடாகிக் குளத்திலேயே இருக்கும். வெயிலில் ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு அப்படியே தங்கிவிடும். ஆக உப்பு குறைந்தால், உப்போடு தண்ணீர் எங்கேயோ வெளியேறியிருக்கிறது என்று அர்த்தம். மழை வழிதல், பேக்வாஷ் (தண்ணீரைப் பின்னோக்கி விட்டு ஃபில்டரைக் கழுவுவது), குழந்தைகள் குதித்துச் சிதறுவது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான். எங்களுக்கோ மழையே இல்லை.

ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பிக் குளத்தின் படியில் வைத்து, உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைக் குறித்தோம். மறுநாள் வாளியில் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது, குளத்தில் அதைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. ஆவியாதல் இரண்டுக்கும் பொது என்பதால் மிச்சம் கசிவுதான். தானியங்கி நீர் நிரப்பி ஓசையில்லாமல் நல்ல தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்ததால், மட்டம் குறைவது எங்கள் கண்ணில் படாமலே இருந்தது. சோதனைக்கு முன் அதை நிறுத்திவையுங்கள்.

கசிவை அடைத்த பிறகுதான் உப்புக்குப் போனோம். கணக்கு எளிது: 1000 லிட்டருக்கு 1 கிலோ உப்பு போட்டால் 1000 பிபிஎம் ஏறும். எங்கள் குளம் 50,000 லிட்டர், 2400லிருந்து 3200க்குப் போக 800 பிபிஎம், அதாவது 40 கிலோ. அயோடினும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இல்லாத தூய உப்பு வேண்டும். குளோரினேட்டரை அணைத்து, பம்பை ஓடவிட்டு, குளத்தைச் சுற்றித் தூவி, அடியில் தேங்கியதை பிரஷ்ஷால் கலைத்துவிட்டோம். 30 கிலோ மட்டும் முதலில் போட்டு, ஒரு நாள் சுற்றவிட்டு, சோதித்துவிட்டு மீதியைப் போட்டோம். உங்கள் கருவிக்கான அளவை அதன் கையேட்டில் பாருங்கள். சில 3200ஐக் கேட்கும், சில 4000க்கு மேலும் கேட்கும்.

* * *

ஒரு சின்னச் சேர்க்கை. ஃபில்டர் அழுக்கடைந்தாலோ பம்ப் காற்றை இழுத்தாலோ செல் முழுக்கத் தண்ணீர் நிற்காது. தகட்டில் நீர் படாத பகுதி வேலை செய்யாது, அளவும் குறைவாகக் காட்டும். எங்கள் செல்லின் மேல்பகுதி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், உள்ளே காற்றுக் குமிழி பெரிதாக நின்றது கண்ணாலேயே தெரிந்தது. பம்பின் கூடை மூடியிலிருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதை மாற்றி, ஃபில்டரைக் கழுவியதும் காற்று போய்விட்டது, அன்று மாலையே அளவும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.