ஆங்கர் ஸ்டீமுக்குப் பக்கத்தில் வரும் பீரை வீட்டில் காய்ச்ச முடியுமா?

ஃப்ரீமான்ட்_வாசி:

வணக்கம். கொஞ்ச காலமாக வீட்டில் பீர் காய்ச்சி வருகிறேன். பேல் ஏல், ஸ்டவுட், கோதுமை பீர் எல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன. இந்தக் குளிர்காலத்தில் ஆங்கர் ஸ்டீம் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ பீரின் சுவைக்குப் பக்கத்தில் வரும் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

எனக்கு அது வெறும் ஒரு பிராண்ட் இல்லை. வேலைக்காக சான் ஃபிரான்சிஸ்கோ வந்த புதிதில், ஊரில் குடித்த லாகரைத் தவிர வேறு பீர் எனக்குத் தெரியாது. பொட்ரேரோ ஹில்லில், மரிபோசா தெருவில் இருந்த ஆங்கர் ஆலைக்கு நண்பர்கள் அழைத்துப் போனார்கள். செம்பு நிற பாய்லர்கள், தெருவரைக்கும் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) வாசனை. பீருக்குள் வறுத்த ரொட்டி வாசனையும் புதினா போன்ற ஒரு குளிர்ச்சியும் இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். 2023 ஜூலையில் ஆலையை மூடப்போவதாக அறிவித்தபோது, கடை கடையாகப் போய்க் கிடைத்ததை வாங்கி வைத்தவர்களில் நானும் ஒருவன். 2024-இல் சோபானி தயிர் நிறுவனத்தின் ஹம்தி உலுகாயா அதை வாங்கியது நல்ல செய்திதான். ஆனால் நான் போகும் கடைகளில் அந்தப் பாட்டிலை இன்னும் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது ஈஸ்ட்டைப் பற்றித்தான். குளிரில் வேலை செய்யும் லாகர் ஈஸ்ட்டை, ஏல் வகைக்கான கூடுதல் சூட்டில் நொதிக்க விடுவதுதான் இதன் சூட்சுமம் என்கிறார்கள். என் கராஜில் டிசம்பரில் இரவு 12 டிகிரி, பகலில் 17 டிகிரி செல்சியஸ் இருக்கிறது. தனி ஃப்ரிட்ஜ் இல்லாமல் இதை வைத்தே சமாளிக்க முடியுமா? எந்த ஈஸ்ட் வாங்கலாம்? ஹாப்ஸில் (கசப்பும் மணமும் தரும் பூ) நார்தர்ன் ப்ரூவர் வகை மட்டும் போதுமா?

அப்படியே உங்களுக்குப் பிடித்த கிராஃப்ட் பீர் எது, அதை வீட்டில் காய்ச்சிப் பார்த்திருக்கிறீர்களா என்றும் சொல்லுங்கள்.

கெட்டில்_ஓக்லண்ட்:

நண்பரே, முடியும். தாராளமாக முடியும். சொல்லப்போனால் உங்கள் கராஜ் இந்த பீருக்கென்றே அமைந்த இடம்.

இந்த பீர் பிறந்த விதத்தைப் பார்த்தாலே அது புரியும். 19-ஆம் நூற்றாண்டில் கலிஃபோர்னியாவுக்கு வந்த ஜெர்மானியர்களுக்கு லாகர் காய்ச்சத் தெரியும், ஆனால் அதைக் குளிரில் வைக்கப் பனிக்கட்டி தாராளமாகக் கிடைக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் கடல் காற்றும் மூடுபனியும் கொடுத்த மிதமான குளிரில் லாகர் ஈஸ்ட்டை வேலை செய்ய விட்டார்கள். வழக்கமாக 8 முதல் 13 டிகிரியில் நொதிக்கும் ஈஸ்ட்டை 15, 16 டிகிரியில் விட்டால், ஏலில் வருவது போன்ற லேசான பழ வாசனையும் லாகரின் சுத்தமான முடிவும் சேர்ந்து கிடைக்கும். ஆக, இது இந்த ஊர்க் காற்றுக்காக உருவான பீர். உங்கள் கராஜிலும் அதே காற்றுதானே வீசுகிறது!

ஈஸ்ட்டுக்கு வையீஸ்ட் 2112 அல்லது ஒயிட் லேப்ஸ் 810 வாங்குங்கள். இரண்டுமே 15 முதல் 18 டிகிரி வரை நன்றாக நடந்துகொள்ளும். நொதிக்கும்போது வோர்ட்டே (மால்ட் ஊறிய இனிப்புச் சாறு) சூட்டைக் கிளப்பும், உள்ளே இருப்பது காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பெரிய டப்பில் தண்ணீர் ஊற்றி அதற்குள் ஃபெர்மென்டரை (நொதிக்கும் பாத்திரம்) நிறுத்திவிட்டால் பகல் இரவு ஏற்ற இறக்கம் பாதிக்காது. பகலில் சூடு ஏறினால் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைப் போடுங்கள், போதும். முதல் மூன்று நாட்கள்தான் முக்கியம், பீரின் வாசனை அப்போதுதான் தீர்மானமாகிறது.

19 லிட்டருக்கு நான் போடும் கணக்கு இது. பேல் 2-ரோ மால்ட் 4 கிலோ, நிற அளவு 40 உள்ள கிரிஸ்டல் மால்ட் 450 கிராம். 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு ஒரு மணி நேரக் கொதி. கொதி தொடங்கியதும் நார்தர்ன் ப்ரூவர் 28 கிராம், கடைசி 15 நிமிடத்தில் 14 கிராம், அடுப்பை அணைத்ததும் இன்னொரு 28 கிராம். ஆரம்ப அடர்த்தி 1.050, முடிவு 1.012 என்று வந்தால் ஆல்கஹால் 5 சதவீதத்துக்கு ஒட்டி நிற்கும். ஆங்கர் ஸ்டீம் 4.9 சதவீதம்.

வேறு ஹாப்ஸ் வேண்டாம். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். நீங்கள் சொன்ன அந்தப் புதினாக் குளிர்ச்சி, கூடவே வரும் மரத்தூள் மணம், இரண்டும் நார்தர்ன் ப்ரூவர் தருவது. கைவசம் இருக்கிறதே என்று சிட்ராவையோ மொசைக்கையோ போட்டால் நல்ல பீர் வரலாம், ஆனால் நீங்கள் தேடும் பீர் வராது. இன்று எந்த டாப்ரூமுக்குப் போனாலும் பத்து குழாயில் ஏழெட்டு ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான ஏல்). மால்ட்டும் கசப்பும் சமமாக நிற்கும் செம்பு நிற பீருக்கு இடமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. கடையில் கிடைக்காவிட்டால் நம் வீட்டிலாவது அது இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. பே ஏரியாவின் பல ஊர்களில் குழாய் நீரில் குளோராமைன் சேர்க்கிறார்கள். குளோரின் மாதிரி இது திறந்து வைத்தால் போய்விடாது. மால்ட்டோடு சேர்ந்தால் பேண்டேஜ் வாசனை வரும். 30 லிட்டர் தண்ணீருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

எனக்குப் பிடித்த மற்றொன்று, பூன்வில்லில் ஆண்டர்சன் வேலி காய்ச்சும் பூன்ட் ஆம்பர். அதுவும் இந்தக் குடும்பத்துச் சுவைதான்.

ஹாப்_பிரியன்_சான்டாரோசா:

கெட்டில் அண்ணன் சொன்ன செய்முறையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் ஆங்கர் போனதில் எதை இழந்தோம் என்று என்னைக் கேட்டால் லிபர்ட்டி ஏல் என்றுதான் சொல்வேன்.

1965-இல் மூடும் நிலையில் இருந்த ஆலையின் பெரும்பங்கை ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கினார். வாஷிங் மெஷின் செய்த அதே மேடாக் குடும்பம்தான். ஸ்டீமைக் காப்பாற்றியதோடு அவர் நிற்கவில்லை. அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில் எச்சரிக்கை கொடுக்கப் பால் ரிவியர் போன குதிரைப் பயணத்தின் 200-ஆம் ஆண்டை நினைத்து 1975 ஏப்ரலில் ஒரு ஏல் காய்ச்சினார். வெறும் பேல் மால்ட், வெறும் காஸ்கேட் ஹாப்ஸ், நொதித்த பிறகும் ஹாப்ஸ் போட்டு ஊற வைத்தது. காஸ்கேட் வெளியானதே 1972-இல்தான். கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் போன்ற பழம்) தோல் போன்ற அந்த மணத்தை அதற்கு முன் அமெரிக்க பீரில் யாரும் இப்படி முன்னால் நிறுத்தியதில்லை. 1980-இல் சீக்கோவில் கென் கிராஸ்மன் தொடங்கிய சியரா நெவாடா பேல் ஏலுக்கும், பிறகு வந்த ஐபிஏ எல்லாவற்றுக்கும் வழி திறந்தது அதுதான் என்பது என் கருத்து. கெட்டில் அண்ணனுக்கு ஐபிஏ கூட்டத்தின் மேல் வருத்தம் இருக்கிறது, சரி. அந்தக் கூட்டம் தொடங்கிய இடமும் அதே ஆலைதானே?

வீட்டில் செய்யவும் லிபர்ட்டி ஏல் சுலபம். சூடு 18 முதல் 20 டிகிரி, ஈஸ்ட் சாதாரண யுஎஸ்-05. காஸ்கேட் மட்டும் புதிதாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் அறுவடை ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

என் ஊர்க்காரன் என்பதால் சொல்லவில்லை, எனக்கு எல்லாவற்றுக்கும் மேல் ரஷ்யன் ரிவர் ஆலையின் பிளைனி தி எல்டர். 8 சதவீதம், ஆனால் நாக்கில் பாரமே தெரியாது. அதை வினி சிலுர்சோ முதலில் காய்ச்சியது உங்கள் பக்கத்து ஊரான ஹேவர்டில் நடந்த டபுள் ஐபிஏ விழாவுக்காக. அதை வீட்டில் காய்ச்ச நினைப்பவர்களுக்கு என் ஒரே எச்சரிக்கை காற்று. இவ்வளவு ஹாப்ஸ் இருக்கும் பீரை பாட்டிலில் மாற்றும்போது காற்றுப் பட்டால் சில வாரங்களில் நிறம் மங்கி, ஈர அட்டை மணம் வந்துவிடும். கெக் (காற்றுப் புகாத உலோகப் பீப்பாய்) வசதி இருப்பவர்கள் மட்டும் இறங்குங்கள். பாட்டிலில் அடைப்பவர்களுக்கு ஸ்டீம்தான் நல்ல தேர்வு, அந்த ஒரு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

மீனா_சாக்ரமெண்டோ:

எங்கள் ஊரில் கராஜ் டிசம்பரில் ஐஸ், ஜூலையில் அடுப்பு. அதனால் வருடத்தில் மூன்று மாதம்தான் எனக்கு லாகர் காலம். திரவ ஈஸ்ட்டைப் பார்த்துப் பார்த்து வளர்க்க நேரம் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சாஃப்லாகர் டபிள்யூ-34/70 என்ற உலர் ஈஸ்ட் 16, 17 டிகிரியிலும் சுத்தமாக நொதிக்கிறது. ஆங்கரின் பழ வாசனை கொஞ்சம் குறையும். மற்றபடி குடிப்பவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

ஃப்ரீமான்ட் தம்பி, இன்னொன்று. நம் வீடுகளில் 30 லிட்டர் பாத்திரம் என்றால் பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் பிரியாணி போடும் அண்டாதான் இருக்கும். அதில் காய்ச்சாதீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் நெய்ப் பிசுக்கு கொஞ்சம் ஒட்டியிருக்கும், அந்தக் கொழுப்பு பீரின் நுரையைக் கொன்றுவிடும். ஸ்டீம் பீருக்கு நுரைதான் அழகு. காய்ச்சுவதற்கென்று ஒரு ஸ்டீல் பாத்திரம் தனியாக வாங்கி, சமையலறைப் பக்கமே விடாமல் வையுங்கள். குடிக்கும் கண்ணாடிக்கும் இதே விதிதான்.

எனக்குப் பிடித்தது ஆங்கர் போர்ட்டர். 1972-இலேயே போர்ட்டர் காய்ச்சியவர்கள், அப்போது அமெரிக்காவில் அதைத் தேடி அலைய வேண்டும். இப்போது அந்த இடத்தை எனக்கு ஃபோர்ட் பிராக்கிலிருந்து வரும் ஓல்ட் ரஸ்புடின் என்ற ஸ்டவுட் ஓரளவு நிரப்புகிறது, ஆனால் 9 சதவீதம் என்பதால் ஒரு பாட்டிலை இரண்டு பேர் பிரித்துக்கொள்கிறோம். போர்ட்டரோடு மிளகு போட்ட ஆட்டுக்கறி வறுவல் சாப்பிட்டுப் பாருங்கள். ஐபிஏவின் கசப்பு மிளகுக் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். போர்ட்டர் அதை அணைத்துக்கொள்ளும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி இங்கே 21 வயதானவர் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். விற்கக்கூடாது. ஊருக்குப் போகும்போது ஈஸ்ட் பாக்கெட்டை எடுத்துப் போய் அங்கே முயற்சி செய்யலாமா என்று போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம்.

ஃப்ரீமான்ட்_வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. மீனா அக்கா, அண்டா விஷயத்தைச் சரியாகப் பிடித்தீர்கள், அதைத்தான் எடுக்க இருந்தேன். புதுப் பாத்திரம் ஆர்டர் செய்துவிட்டேன்.

முதலில் ஸ்டீம், வையீஸ்ட் 2112, நார்தர்ன் ப்ரூவர் மட்டும். லிபர்ட்டி ஏலை ஏப்ரலில் காய்ச்சுகிறேன், அந்த மாதத்தில் காய்ச்சுவதுதான் பொருத்தமாகவும் இருக்கும். கெட்டில் அண்ணா, கடைசியாக ஒன்று: ஈஸ்ட்டை அப்படியே ஊற்றலாமா, ஸ்டார்ட்டர் (முன்கூட்டியே பெருக்கி வைக்கும் ஈஸ்ட்) செய்ய வேண்டுமா? பாட்டிலுக்குச் சர்க்கரை எவ்வளவு?

கெட்டில்_ஓக்லண்ட்:

ஸ்டார்ட்டர் அவசியம். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 150 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் கரைத்துக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு ஈஸ்ட்டை விடுங்கள். காய்ச்சுவதற்கு இரண்டு நாள் முன்னால் செய்தால் போதும். நொதித்தல் அடங்கும் சமயத்தில் ஃபெர்மென்டரை வீட்டுக்குள் கொண்டு வந்து 20 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள், வெண்ணெய் வாசனை இருந்தால் போய்விடும்.

19 லிட்டருக்குச் சோளச் சர்க்கரை 120 கிராம். ஸ்டீமில் குமிழ் கொஞ்சம் தூக்கலாகவே இருக்க வேண்டும். அடைத்த பாட்டில்களை இரண்டு வாரம் வீட்டுச் சூட்டிலும், பிறகு மூன்று வாரம் ஃப்ரிட்ஜிலும் நிறுத்தி வையுங்கள். படுக்க வைக்க வேண்டாம், ஈஸ்ட் அடியில் படிய வேண்டும். என்னிடம் 2023-இல் வாங்கிய அசல் ஸ்டீம் சில பாட்டில் இருக்கிறது. பழசாகிவிட்டதால் ஹாப்ஸ் மணம் மங்கியிருக்கும், ஆனால் மால்ட்டை ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். உங்களுடையது தயாரானதும் சொல்லுங்கள், ஒன்று எடுத்து வருகிறேன்.