வாடகைக்கு விட முதல் வீடு: விலை எப்படிப் பேசுவது?

கேள்வி:
வணக்கம். வாடகைக்கு விடுவதற்காக ஒரு சிறிய வீடு பார்த்திருக்கிறேன். இதுதான் என் முதல் முதலீடு. "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், இன்றே முன்பணம் கொடுத்துவிடுங்கள்" என்று தரகர் அவசரப்படுத்துகிறார். சொன்ன விலையில் பத்து சதவீதம் குறைத்துக் கேட்டால் விற்பவர் கோபித்துக்கொள்வாரா?

பதில் 1:
கோபித்தால் கோபிக்கட்டும், கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? முதலில் வாடகையிலிருந்து கணக்குப் போடுங்கள். சொன்ன விலை 100, ஆண்டு வாடகை 6 என்று வைத்துக்கொள்வோம். வரி, காப்பீடு, பராமரிப்பு, ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாவற்றுக்கும் 2 போனால் கையில் நிற்பது 4. உங்களுக்கு 5 சதவீதமாவது வரவேண்டும் என்றால் 4-ஐ 0.05-ஆல் வகுங்கள்: 80. அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. அந்த எண்ணைத் தரகரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். விற்றால்தான் அவருக்குக் கமிஷன்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கு 88 வருகிறது. விற்பவர் 95-க்குக் கீழே இறங்கமாட்டார் என்கிறார் தரகர். படுக்கையறைக் கூரையின் மூலையில் ஈரக்கறை ஒன்று இருக்கிறது, புதிதாக வெள்ளையடித்தும் மஞ்சளாகத் தெரிகிறது.

பதில் 2:
அந்தக் கறையை விடாதீர்கள் தம்பி. கறைக்கு மேலேயே வெள்ளையடித்திருக்கிறார்கள் என்றால் கசிவு இன்னும் நிற்கவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. ஒரு பொறியாளரை வைத்துப் பார்த்து, பழுதுபார்க்க ஆகும் செலவை எழுத்தில் வாங்குங்கள். "விலை அதிகம்" என்று சொன்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும். செலவுத் தாளை மேஜையில் வைத்தால் அதைப் பற்றித்தான் பேசியாக வேண்டும்.

அப்புறம், ஏன் விற்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். வேறு வீட்டுக்குப் பணம் கட்டவேண்டிய அவசரம் என்றால் சீக்கிரம் பத்திரம் முடித்துத் தருவதாகச் சொல்லியே விலையை இறக்கலாம். இன்னும் சில மாதம் அங்கேயே இருக்க நினைத்தால், அந்த அவகாசத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கடன் கிடைக்காவிட்டாலோ ஆய்வில் பெரிய பழுது தெரிந்தாலோ முன்பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா. பொறியாளரைத் தரகரே அனுப்புகிறேன் என்கிறார், ஒத்துக்கொள்ளலாமா?

பதில் 2:
வேண்டாம். நீங்களே ஆள் பிடித்து, நீங்களே பணம் கொடுங்கள். அவர் மேலே ஏறிப் பார்க்கும்போது கூடவே நில்லுங்கள்.