பயோ பிள்ளைகளை வைத்து ஒரு திரில்லர், கொலை இல்லாமல் நிற்குமா?

வாவிக்கரை:
மட்டக்களப்பில் நடக்கிற மாதிரி இளையோருக்கு ஒரு திரில்லர் எழுதுகிறேன். உயர்தரத்தில் பயோ (உயிரியல்) படிக்கிற இரண்டு பெட்டைகள், ஒரே வாங்கு, ஒரே ரியூசன், இரண்டு பேருக்கும் மருத்துவபீடம்தான் வேணும். முதல் அத்தியாயத்திலேயே ஒருத்தி வாவியில் பிணமாக மிதக்கிறாள், ஆனால் திருப்பி வாசித்தால் எங்கேயோ பார்த்த படம் மாதிரி கிடக்கு. வினாத்தாள் திருட்டாக மாற்றவா?

மூன்றுதரம்:
பிணமும் வேண்டாம், திருட்டும் வேண்டாம். வினாத்தாள் களவுபோனால் அது பொலிஸ் கதை. உங்களுடைய வில்லன் இசட் ஸ்கோர், அதாவது உயர்தரப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு கம்பஸுக்கு (பல்கலைக்கழகத்துக்கு) ஆள் எடுக்கிற புள்ளி. கம்பஸ் இடங்களில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, மிச்சம் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு (மட்டக்களப்பும் அம்பாறையும் அதற்குள்தான்). அதனால் கொழும்பில் எவன் என்ன எடுத்தாலும் எங்களுக்குப் பெரிதாகப் பயமில்லை, பயமெல்லாம் பக்கத்தில் இருக்கிறவன் மேல்தான். நான் உயர்தரச் சோதனையை மூன்று தரமும் எழுதினவன். செகண்ட் சைக்கு (இரண்டாம் தரத்துக்கு) படிக்கும்போது கூட்டாளியிடம் கெமிஸ்ட்ரி டியூட் (ரியூசனில் தருகிற பயிற்சித்தாள்) ஒன்று கேட்டேன், 'சேர் இன்னும் தரல்ல' என்றான். மறுகா ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனால் மேசையில் அதே டியூட், முழுக்கச் செய்து, சிவப்புப் பேனையால் திருத்தியும் இருக்கு. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனுடைய அம்மா தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். அவனும் கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினான். அதை எழுதுங்க.

கல்முனைக்காரி:
வெள்ளத்தை விட்டுட்டீங்களே தம்பி! 2024 நவம்பரில் உயர்தரச் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்து, இடையில் நிறுத்தி, டிசம்பர் 4தான் திரும்பத் தொடங்கினார்கள். அந்த ஒரு கிழமைக்குள் முழுக் கதையையும் வைக்கலாம். ஒருத்தியின் வீட்டுக்குள் தண்ணி வருது, கொப்பி எல்லாத்தையும் மற்றவளுடைய மேல்மாடியில் வைக்கக் கொடுக்கிறாள். தண்ணி வற்றினதும் கேட்கப் போனால் இவள் என்ன சொல்லுவாள்? சரி, ஒன்று மட்டும் கேட்கிறேன், அம்மாவைக் கொடுமைக்காரி ஆக்காதீங்க. எங்கட உம்மா ஒரு நாளும் படி என்று ஏசினதில்லை, நான் படிக்கிற நேரம் டிவி போடாமல் இருட்டில் சும்மா இருப்பா. அதுதான் எனக்குப் பெரிய பாரம்.

பழையடீச்சர்:
பிள்ளைகள் எல்லாரும் இப்படி இல்லை, கொப்பியைப் போட்டோக்கொப்பி அடித்துக் கொண்டுவந்து கொடுத்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். இன்னொன்று, ஒருத்தியின் சோதனைச் சுட்டெண் தெரிந்தால் பெறுபேற்றை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அவளுடைய முடிவை அவளுக்கு முன்னமே இவள் பார்த்துவிட்டால்?

வாவிக்கரை:
ஐயோ டீச்சர், அது கடைசி அத்தியாயம். பிணத்தை அழித்துவிட்டேன், கொப்பியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். கல்முனை அக்கா, வெள்ளத்துக்குக் கொப்பியை எதில் கட்டிக் கொண்டுபோவீங்க, பெட்டியிலா?

கல்முனைக்காரி:
பெட்டி ஊறிப்போகும். உரபேக், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு, வாயைச் சணல் கயிற்றால் இறுக்கி.